தனிக் கோப்பை

2022 பொங்கலுக்குப் பத்து நாள் இருக்கும்போது எங்கள் வேலூர் சத்துவாச்சாரி வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்க வந்தவர், டீ குடிக்கத் தன் டம்ளரைத் தானே கொண்டுவந்திருந்தார். பழைய எவர்சில்வர் டம்ளர். அடியில் ஆணியால் கீறிய ஒரு பெருக்கல் குறி. என் மனைவி டீ எடுத்துக்கொண்டு போனால், பிரைமர் டப்பாவுக்குப் பக்கத்தில் துணியில் சுற்றி வைத்திருந்ததை எடுத்து நீட்டி, “இதுலயே ஊத்திடுங்க அக்கா” என்பார். குடித்து முடித்ததும் வெளிக்குழாயில் கழுவி மறுபடி துணியில் சுற்றி வைத்துவிடுவார். ஒமைக்ரான் பயத்தில் ஊரே வாயைக் கட்டிக்கொண்டிருந்த நாட்கள் அவை. சுத்தபத்தமான ஆள் என்று நான் நினைத்துக்கொண்டேன். என் அம்மாவுக்கு அது வேறு மாதிரி பட்டிருக்கிறது. ஆள் பார்த்துத் தனி டம்ளர் வைக்கிற குடும்பம் என்று எங்களை நினைத்துவிட்டாரோ என்று அம்மாவுக்குத் தாங்கவில்லை. மூன்றாம் நாள் திண்ணையில் உட்கார்ந்தபடியே கேட்டுவிட்டார். “ஏம்பா, எங்க வூட்ல டம்ளர் இல்லியா? நாங்க அந்த மாதிரி பாக்கறவங்க இல்லப்பா.”

அவர் ஏணியிலிருந்து இறங்கி வந்தார். அதுவரை எங்களோடு அசல் வேலூர்த் தமிழ் பேசிக்கொண்டிருந்தவர் இப்போது வேறொரு தமிழில் பேசினார். “அதுக்கில்லையம்மா. எனக்கு மஞ்சள் காமாலை பி இருக்கு.” பிறகு என் பக்கம் திரும்பினார். “அண்ணைக்குத் தெரியும். நீங்கள்தானே போன்ல சொன்னனீங்கள்.”

எனக்கு அவரை அடையாளமே தெரிந்திருக்கவில்லை. முகக்கவசம் போட்டிருந்தார் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் கவசமில்லாமல் வந்திருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது. என் நோட்டில் அவர் ஒரு பெயர், ஒரு ரத்த வகை, பிறகு ஒரு அடித்தல் கோடு. அவ்வளவுதான்.

ஒன்றரை நிமிடம்

ரத்தம் கொடுப்பவர்களின் பெயர்களை நான் பல வருஷமாக ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். வேலூரில் இருப்பவர்களுக்கு இதன் தேவையை விளக்க வேண்டியதில்லை. மேற்கு வங்கத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் இங்குள்ள சி.எம்.சி. மருத்துவமனைக்கு நோயாளியோடு ஒரே ஒரு துணையாள் வந்து இறங்குவார். ஆபரேஷனுக்கு ரத்தம் வேண்டும் என்றால் அவருக்கு இந்த ஊரில் யாரைத் தெரியும்? அப்படிப்பட்ட சமயங்களில் போன் போட்டு ஆள் சேர்ப்பது என் வேலை. 2012ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் நடத்திய ரத்ததானத்துக்கு, வேலூரைச் சுற்றியுள்ள இலங்கைத் தமிழர் முகாம்களில் ஒன்றிலிருந்து இளைஞர்கள் ஒரு வேன் பிடித்து வந்தார்கள். எல்லாரும் பெயிண்டர்கள். தமிழ்நாட்டில் முகாம் ஆண்கள் பலருக்கும் கிடைக்கிற வேலை அதுதான். வரிசையில் நின்றபோது ஒருவர் என்னிடம் மெதுவாகக் கேட்டார், “எங்க ரத்தத்தை எடுத்துக்குவாங்களா அண்ணே?” ஏன் அப்படிக் கேட்கிறார் என்று எனக்கு அன்று உறைக்கவில்லை. “ரத்தத்துல என்ன தம்பி இருக்கு” என்று தோளைத் தட்டி உள்ளே அனுப்பினேன். அவர்தான் இவர்.

இரண்டு வாரம் கழித்து ரத்த வங்கியிலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். தானமாக வருகிற ஒவ்வொரு பையையும் எச்ஐவி, கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி, சி, மேகநோய், மலேரியா ஆகிய ஐந்துக்கும் பரிசோதிப்பது சட்டம். ஒரு பையில் பி வந்திருக்கிறது, அவர் எழுதிக்கொடுத்த எண் கிடைக்கவில்லை, நீங்கள் சொல்லிவிடுங்கள் என்றார்கள். ஒரு மனிதனின் ரத்தத்தில் இருப்பது அவனுக்குத் தெரியும் முன்பே எனக்குத் தெரிந்திருக்கக் கூடாது. அன்று அது தப்பு என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. முகாமில் தெரிந்த ஒருவர் வழியாக அவரைப் பிடித்தேன். நான் பேசியது எனக்கு வரிக்கு வரி நினைவிருக்கிறது என்றால், அதற்குக் காரணம் அவர் அதைத் திண்ணையில் நின்று அப்படியே திருப்பிச் சொன்னதுதான். “தம்பி, உங்க ரத்தத்துல மஞ்சள் காமாலை பி இருக்காம். இனிமே ரத்தம் குடுக்காதீங்க. எதுக்கும் ஒரு டாக்டரைப் பாத்துடுங்க.” அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். “ஒட்டுமா அண்ணே?” நான் சொன்ன பதில், “ஒட்டும்னுதான் நினைக்கிறேன். ஜாக்கிரதையா இருங்க.”

பேச்சு முழுவதும் ஒன்றரை நிமிடம் ஆகியிருக்கும். அன்று மாலையே அவர் தட்டையும் டம்ளரையும் தனியாக எடுத்து வைத்து ஆணியால் குறி போட்டிருக்கிறார். அப்போது அவர் மகளுக்கு இரண்டு வயது. அடுத்த வருஷம் ஒரு பையனும் பிறந்தான். “என்ட கோப்பை வேற, பிள்ளையளின்ட கோப்பை வேற, துவாய் வேற” என்று சொன்னார். நான் டீக் கோப்பையைச் சொல்கிறார் என்று நினைத்துத் தலையாட்டினேன். பிறகுதான் புரிந்தது, அவர்கள் தமிழில் கோப்பை என்றால் சோற்றுத் தட்டு. பத்து வருஷமாக அந்தத் தட்டிலிருந்து ஒரு பிடி சோறு அவர் பிள்ளைகள் வாய்க்குப் போகவில்லை.

இதே ஊரைப் பற்றி ஒன்று நினைத்துக்கொள்வேன். 1986ல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவரிடம் படித்த செல்லப்பன் நிர்மலாவும் சேகரித்த ரத்த மாதிரிகள் வேலூர் சி.எம்.சி. ஆய்வகத்துக்குத்தான் வந்தன. இந்தியாவில் எச்ஐவி இருப்பது முதன்முதலாகத் தெரிந்தது இங்கேதான். அதற்குப் பிறகு அந்த நோய்க்காக எத்தனை ஏற்பாடு! பரிசோதனைக்கு முன்னால் ஒருமுறை உட்காரவைத்துப் பேச்சு, முடிவு வந்த பிறகு இன்னொருமுறை பேச்சு, கதவை மூடிக்கொள்ள ஓர் அறை, அந்த அறைக்கு நம்பிக்கை மையம் என்று ஒரு பெயர். எச்ஐவியை விடப் பல மடங்கு சுலபமாக ரத்தத்தின் வழியே தொற்றக்கூடியது ஹெபடைடிஸ் பி. அந்த இளைஞருக்கு அன்று கிடைத்தது என் ஒன்றரை நிமிடம்.

ஒரு பெயரில் இரண்டு நோய்

அவருக்கு விழிப்புணர்வு இல்லை என்று யாராவது சொன்னால் எனக்கு இப்போது கோபம் வருகிறது. அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. அவருக்குத் தெரிந்தது வேறு நோய்.

1990ல் போர் மறுபடி மூண்டபோது ஐந்து வயதில் மன்னார்ப் பக்கத்திலிருந்து படகில் வந்தவர் அவர். முதலில் மண்டபம் முகாம், பிறகு எங்கள் பக்கம். பத்தடிக்குப் பத்தடி தடுப்பில் ஒரு குடும்பம், நாலைந்து குழாய்க்கு முகாம் முழுவதும். மழைக்காலத்தில் சாக்கடையும் குடிதண்ணீரும் ஒன்றாகிப் பிள்ளைகளுக்குக் கண் மஞ்சளாகும். அவர் அம்மா அதைச் செங்கமாரி என்பார். முகாமில் ஒரு பிள்ளைக்குச் செங்கமாரி வந்தால் அதன் தட்டும் குவளையும் அன்றே தனியாகிவிடும். பத்தியச் சாப்பாடு, கீழாநெல்லிச் சாறு, மோர். மூன்று நாலு வாரத்தில் கண் வெளுத்துவிடும். தட்டைப் பிரித்ததும் சரிதான். ஏனென்றால் அது ஹெபடைடிஸ் ஏ அல்லது இ. மலம் கலந்த தண்ணீராலும் சோற்றாலும் பரவுவது. பெரும்பாலானவர்களுக்குத் தானாக வந்து தானாகப் போவது. தட்டைத் தனியாக வைப்பது அந்த நோய்க்குப் பொருந்தும்.

பி அப்படியே தலைகீழ். தண்ணீரில் வராது, சோற்றில் வராது. ஒரே தட்டில் சாப்பிட்டாலும், கட்டிப் பிடித்துத் தூங்கினாலும், பிள்ளைக்குப் பால் கொடுத்தாலும் வராது. ரத்தத்தால் வரும், உடலுறவால் வரும், பிரசவத்தில் தாயிடமிருந்து பிள்ளைக்கு வரும். இன்னொருவருக்குப் போட்ட ஊசி, பச்சை குத்திய ஊசி, மழித்த பிளேடு. காய்ந்த ரத்தத்துளியில் குறைந்தது 7 நாள் உயிரோடு கிடக்கும். முக்கியமாக, பி இருப்பவர்களில் பலருக்குக் கண் மஞ்சளாகவே ஆகாது. இருபது முப்பது வருஷம் ஒரு தொந்தரவும் இல்லாமல் உள்ளே இருந்துவிட்டு, ஒருநாள் வயிற்றில் நீர் கோத்துக்கொள்ளும், அல்லது கல்லீரலில் கட்டி என்று ஸ்கேனில் வரும். இந்த இரண்டையும் நாம் மஞ்சள் காமாலை என்ற ஒரே மூட்டையில் கட்டி வைத்திருக்கிறோம். காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்ற பழமொழியே நமக்குப் பாடம் நடத்திவிட்டது, காமாலை என்றால் கண்ணில் தெரிய வேண்டும் என்று. நான் போனில் அந்தப் பெயரைச் சொன்னேன். அவர் அந்தப் பெயருக்கு உரிய எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தார்.

டாக்டரிடமும் போயிருக்கிறார். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு ஒரு கிளினிக்கில் காத்திருந்து, “மஞ்சள் காமாலை இருக்காம்” என்று சொல்லியிருக்கிறார். டாக்டர் கீழிமையை இழுத்துப் பார்த்தார். வெள்ளை. ரத்தத்தில் மஞ்சள் நிறமியின் அளவைப் பார்க்கும் பிலிருபின் பரிசோதனை எழுதினார். சரியாக இருந்தது. “உனக்கு ஒண்ணும் இல்லப்பா” என்று அனுப்பிவிட்டார். பி என்ற எழுத்து அந்த அறைக்குள் போகவே இல்லை, ஏனென்றால் நான் அதற்கு ஒரு துண்டுச் சீட்டுக்கூடக் கொடுத்து அனுப்பவில்லை. ரத்த வங்கி இருக்கு என்கிறது, டாக்டர் இல்லை என்கிறார். அவர் இரண்டையும் நம்பினார். உள்ளே ஒளிந்திருக்கிறது என்று முடிவு கட்டி, அம்மா கையால் கீழாநெல்லி அரைத்துக் குடித்துக்கொண்டே இருந்தார், மாதக்கணக்கில்.

கீழாநெல்லியை நான் இளக்காரமாகப் பேசமாட்டேன். எங்கள் பாட்டி வைத்தியமும் அதுதான். ஹெபடைடிஸ் பி கிருமியைக் கண்டுபிடித்து 1976ல் நோபல் பரிசு பெற்ற பாரூக் பிளம்பெர்க்கே அதைப் பொருட்படுத்தியவர். சென்னையைச் சேர்ந்த எஸ்.பி. தியாகராஜனோடு அவரும் சேர்ந்து 1988ல் லான்செட் இதழில் வெளியிட்ட ஆய்வில், பி உள்ளவர்களுக்கு 30 நாள் கீழாநெல்லி கொடுத்தபோது 59 சதவீதம் பேரின் ரத்தத்திலிருந்து அந்தக் கிருமியின் அடையாளம் மறைந்தது என்று சொல்லியிருந்தார்கள். உலகமே நம் வேலியோரச் செடியைத் திரும்பிப் பார்த்தது. ஆனால் அதன்பின் வேறு இடங்களில் செய்து பார்த்தவர்களுக்கு அந்தப் பலன் கிட்டவில்லை. இந்த இரண்டாம் பாதியை நம் ஊரில் யாரும் சொல்வதில்லை. தானாக ஆறுகிற காமாலையில் பெயர் வாங்கிய செடியை, ஆறாத காமாலைக்கும் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். அந்தச் சாறு அவருக்குக் கெடுதல் எதுவும் செய்யவில்லை. மருந்து சாப்பிடுகிறோம் என்ற நிம்மதியைக் கொடுத்தது. அந்த நிம்மதியில் பத்து வருஷம் போய்விட்டது.

யார் கொண்டுவந்தது

திண்ணையில் அவர் பேசி முடித்துவிட்டு ஏணி ஏறிய பிறகு, என் உறவினர் ஒருவர் உள்ளறையில் சொன்னார், “அங்கிருந்து கொண்டாந்திருப்பாங்க.” அவர் கெட்டவர் இல்லை. ஊரில் பலரும் அப்படித்தான் நினைப்பார்கள். ரத்ததான வரிசையில் “எங்க ரத்தத்தை எடுத்துக்குவாங்களா” என்று கேட்டதற்கு அர்த்தம் எனக்கு அப்போதுதான் விளங்கியது. இப்படி ஒரு பேச்சு அவர் காதில் எத்தனையோ முறை விழுந்திருக்க வேண்டும்.

அன்றிரவு தூக்கம் வராமல் படிக்க ஆரம்பித்தவன் இன்னும் நிறுத்தவில்லை. ஹெபடைடிஸ் பி மிகக் குறைவாக உள்ள நாடுகளில் ஒன்று இலங்கை. இந்தியா நடுத்தரப் பட்டியலில் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2022ல் இந்தியாவில் பி உள்ளவர்கள் 2.98 கோடி பேர். அவர்கள் விட்டுவந்த தீவை விட, வந்து சேர்ந்த இந்தக் கரையில்தான் இது அதிகம். அவருக்கு எங்கே தொற்றியது என்று யாராலும் சொல்ல முடியாது. பிறக்கும்போது தொற்றினால் பத்தில் ஒன்பது பேருக்கு நிலைத்துவிடும், பெரியவனான பிறகு தொற்றினால் நூற்றில் ஐந்து பேருக்கும் குறைவாகவே நிலைக்கும் என்பதால், சின்ன வயதில் தொற்றியிருக்க வாய்ப்பு அதிகம். அது அவர் அம்மாவிடமிருந்தும் இருக்கலாம், நம் ஊர்க் கிளினிக் ஒன்றில் கொதிக்க வைக்காத ஊசியாகவும் இருக்கலாம். 2009ல் குஜராத்தின் மொடாசாவில் பி கொத்துக்கொத்தாகப் பரவியபோது மறுபடி மறுபடி பயன்படுத்திய ஊசிகள்தான் காரணமாக இருந்தன. அங்கே அகதி யாரும் இல்லை.

மற்ற நாட்டு முகாம்களைப் பற்றியும் படித்தேன். தெற்கு சூடானின் பென்டியு முகாமில் ஹெபடைடிஸ் இ. கர்ப்பிணிகளை அது கொல்லும். பரவிக்கொண்டிருக்கும்போதே தடுக்க அந்த நோய்க்கான தடுப்பூசியை உலகில் முதன்முதலாகப் போட்டது அங்கேதான், 2022ல். வங்கதேசத்தின் காக்ஸ் பஜாரில் ரோஹிங்யா முகாம்களில் 2023ல் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு நடத்திய ஆய்வில் பெரியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு ஹெபடைடிஸ் சி இருந்தது. இந்தச் செய்தி வந்தபோது நான் முதலில் பார்த்தது காரணத்தைத்தான். மறுபடி பயன்படுத்திய ஊசி என்று சந்தேகித்திருந்தார்கள். எந்த முகாமை எடுத்தாலும் கதை இதுதான், ஒரு குழாய்க்கு எத்தனை குடம், ஒரு ஊசிக்கு எத்தனை கை.

பிளாஸ்டிக் பை

பொங்கல் முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். முகாம் வாசலில் பலகை புதிதாக இருந்தது. அதற்கு முந்தின ஆகஸ்டில்தான் அகதிகள் முகாம் என்ற பெயரை இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்று அரசு மாற்றியிருந்தது. நவம்பரில் மேல்மொணவூரில் முதல்வர் புது வீடுகளுக்கு அடிக்கல் நாட்டியிருந்தார். எல்லாரும் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்குத் தெரிந்த ஒரு டாக்டர் அம்மாவிடம் முன்பே எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன். அவர் போனில் இருப்பதாகச் சொல்லியிருந்தார்.

அவர் மனைவி தேத்தண்ணி வைத்தார். நான் மெதுவாக, அரசு மருத்துவமனைக்குப் போய் ஒரு பரிசோதனை செய்துகொள்ளலாம், 2018லிருந்து இதற்கென்றே தேசியத் திட்டம் இருக்கிறது, பரிசோதனையும் மருந்தும் இலவசம் என்றேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “நாங்கள் ஏற்கெனவே ஒரு லிஸ்ட்ல இருக்கிறம் அண்ணை. இன்னொரு லிஸ்ட் வேணாம்.” மாதாமாதம் பதிவு, பணக்கொடைக்குக் கையெழுத்து, வெளியூர் வேலைக்குப் போனால் செக்கிங் நாளுக்குள் திரும்பி வர வேண்டும், கேள்வி கேட்க கியூ பிராஞ்ச் போலீஸ். எந்தக் காகிதம் எந்த மேஜையிலிருந்து எந்த மேஜைக்குப் போகும் என்று தெரியாமல் முப்பது வருஷம் வாழ்ந்தவரிடம், பயப்படாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முதல்வர் காப்பீட்டுத் திட்டத்தில் முகாம் குடும்பங்களும் உண்டு என்பது அவருக்குத் தெரியும். சலுகை இல்லாதது அவர் பிரச்சினை இல்லை.

அப்போது டாக்டர் அம்மா போனில் கேட்டார், “குழந்தைங்களுக்குத் தடுப்பூசி அட்டை இருக்கா?” அவர் மனைவி அலமாரிக்கு மேலேயிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை இறக்கினார். முகாம் வீடு ஒவ்வொன்றிலும் அப்படி ஒரு பை இருக்கும். தீப்பிடித்தால் முதலில் தூக்கிக்கொண்டு ஓட வேண்டிய பை. அடையாள அட்டை, ரேஷன் அட்டை, குடும்பப் போட்டோ, படகில் வந்தபோது கொடுத்த ஏதோ ஒரு பழைய சீட்டு. அடியில் மடங்கி இரண்டு அட்டைகள். போட்டோ எடுத்து அனுப்பினேன். இரண்டு நிமிஷம் கழித்து ஸ்பீக்கரில் குரல் வந்தது. “ரெண்டு பேருக்கும் போட்டிருக்காங்க. பொறந்த அன்னிக்கே ஒண்ணு, அப்புறம் மூணு. பையனுக்கு அஞ்சு நோய்க்கும் சேர்த்துப் போடற பென்டாவேலன்ட். ரத்தத்தை ஒரு தடவை பாத்துடலாம். ஆனா தட்டு, டம்ளர்ல எல்லாம் இது வரவே வராது. ஊசி போடாம இருந்திருந்தாலும் அதுல வராது.”

தமிழ்நாட்டில் பிறந்த குழந்தைக்கு பி ஊசி வந்தது 2007, 2008 வாக்கில். பென்டாவேலன்ட்டைக் கேரளமும் நாமும்தான் நாட்டிலேயே முதலில், 2011 டிசம்பரில் தொடங்கினோம். அவருடைய மகள் பிறந்தது 2010. அவர் பயப்பட ஆரம்பிப்பதற்கு இரண்டு வருஷம் முன்பே, பெயர் தெரியாத ஒரு நர்ஸ் அந்தக் குழந்தையின் தொடையில் போட வேண்டியதைப் போட்டுத் தேதியும் எழுதியிருக்கிறார். அந்த அட்டை பத்து வருஷமும் அவர் தலைக்கு மேலே பரணில் இருந்தது.

யாரும் பேசவில்லை. பதினோரு வயது மகள் கதவுக்குப் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் மனைவிதான் கடைசியில் வாய் திறந்தார். “அப்ப இவ்வளவு நாளும் இவர் பிள்ளையளுக்கு ஒரு வாய் தீத்தாம இருந்தது...” என்று தொடங்கியவர் முடிக்கவில்லை. அவர் எழுந்து வெளியே போய்விட்டார். நானும் எழுந்தேன். அவர் மனைவி, விடுங்கள் என்பது போலக் கையசைத்தார்.

திரும்பி வந்து உட்கார்ந்தபோது டாக்டர் அம்மா இன்னும் போனில் இருந்தார். “ஷேவிங் எங்க பண்ணுவீங்க?” என்று கேட்டார். “வீட்டிலதான். நானும் தம்பியும் ஒரு செட்.” பக்கத்து வீட்டில் இருக்கும் சொந்தத் தம்பி. ஞாயிற்றுக்கிழமைகளில் வேம்படியில் கண்ணாடியை மாட்டிவைத்து, ஒருவர் மழித்து முடித்த பிளேடை அலசி மற்றவர் கையில் கொடுப்பது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். போனில் சற்று நேரம் சத்தமே இல்லை. பிறகு அந்த அம்மா நிதானமாகச் சொன்னார். “அதை மட்டும் இன்னையோட நிறுத்திடுங்க. அவரையும் கூட்டிட்டு வாங்க.”

அந்த மௌனத்தை என்னால் இன்னும் இறக்கி வைக்க முடியவில்லை. தட்டைப் பிரித்தார், டம்ளரைப் பிரித்தார், துவாயைப் பிரித்தார், மகளைக் கொஞ்சுவதைப் பாதியாக்கிக்கொண்டார். வராத வழிகளை எல்லாம் அடைத்துவிட்டு, வருகிற வழியைத் திறந்து வைத்திருந்தார். “ஒட்டுமா” என்று கேட்டபோது, எதில் ஒட்டும் எதில் ஒட்டாது என்று இரண்டு வாக்கியம் சொல்ல எனக்குத் தெரிந்திருந்தால்? தெரியாது, கேட்டுச் சொல்கிறேன் என்றாவது சொல்லியிருந்தால்?

லிஸ்ட் பயம் ஒரேயடியாகத் தீர்ந்துவிடவில்லை. ஆனால் தம்பியின் முகத்தைப் பார்த்த பிறகு அவர் தாமதிக்கவில்லை. அடுத்த வாரமே நாலு பெரியவர்களும் இரண்டு பிள்ளைகளுமாக ஆறு பேர் பஸ் ஏறினோம், என்னையும் சேர்த்து. பிள்ளைகள் இருவருக்கும் இல்லை. தம்பிக்கும் இல்லை, ஆனால் எதிர்ப்புச் சக்தியும் இல்லை. அன்றே முதல் ஊசி, ஒரு மாதத்தில் ஒன்று, ஆறாம் மாதம் ஒன்று. மனைவியின் ரத்தத்தில்தான் ஆச்சரியம். எப்போதோ தொற்றி, அவருக்கே தெரியாமல் உடம்பு அதை வென்று, எதிர்ப்புச் சக்தியும் வந்திருந்தது. பெரியவர்களில் பெரும்பாலோருக்கு இப்படித்தான் ஆகும் என்றார்கள். அது என்றைக்கு வந்து என்றைக்குப் போனது என்று யோசித்துக்கொண்டே அந்தப் பெண் பஸ்ஸில் ஜன்னலைப் பார்த்தபடி வந்தார். கணவருக்குக் கிருமி அளவு குறைவு, கல்லீரலில் வடு இல்லை. இப்போதைக்கு மாத்திரை வேண்டாம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தமும் ஸ்கேனும் பார்த்துக்கொள்ள வேண்டும், சாராயத்தைத் தொடக் கூடாது. மாத்திரை தேவைப்படும் நாள் வந்தால், தினம் ஒன்று, பல வருஷம். ஆனால் அதுவும் இலவசம்.

என் நோட்டில் இப்போது ஒரு பக்கம் தனியாக வைத்திருக்கிறேன். இதுபோல் யாராவது எனக்குப் போன் செய்தால், “நான் சொல்லமாட்டேன், நீங்கள்தான் அவரை நேரில் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும், நான் வண்டியில் கொண்டுவந்து விடுகிறேன்” என்று சொல்ல வேண்டியதை அதில் எழுதியிருக்கிறேன். பழைய பக்கங்களில் இன்னும் சில அடித்தல் கோடுகள் இருக்கின்றன. ஏன் அடித்தேன் என்று எல்லாவற்றுக்கும் எனக்கு நினைவில்லை. ஒவ்வொன்றாகக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். சில எண்கள் இப்போது வேறு யாரிடமோ இருக்கின்றன.

பாக்கி இருப்பது அவர் அம்மா. எழுபதைத் தாண்டியவர். மகனுக்குச் சின்ன வயதில் வந்திருக்கலாம் என்றதும் டாக்டர்கள் முதலில் கேட்டது அவரைத்தான். நான் மூன்று முறை போய்ப் பேசிவிட்டேன். கடைசியாகப் போனபோது முற்றத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். கையைத் துடைத்துக்கொண்டு என் அருகே வந்தார். “எனக்குச் செங்கமாரி இல்லை ராசா. இஞ்ச பார்” என்று விரலால் கீழிமையை இழுத்துக் காட்டினார். வெள்ளையாகத்தான் இருந்தது.